நண்டு நடை நடக்கும் ரோபோ: வித்தியாசமான டிரைவ்டிரெய்ன் எப்போது கைகொடுக்கும்?

(ஒலி அத்தியாயத்தின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டிகளைப் பற்றிப் பேசிய அத்தியாயத்துக்குப் பிறகு நிறைய கேள்விகள் வந்தன. அதில் பலர் கேட்டது ஒரே விஷயம்தான். "எல்லா அணியும் ஒரே மாதிரி சக்கரம் போட்டுக்கிட்டு வர்றாங்களே, நாங்க புதுசா ஏதாவது செய்யலாமா?"

டெக்சஸிலிருந்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவி எழுதியிருந்தார். அவர் அணியில் மூத்த மாணவர்கள், கடையில் கிடைக்கும் ஸ்வர்வ் மாட்யூலை வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார்களாம். இவருக்கோ பந்துகளின் மேல் உருளும் ரோபோ ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. "இது வீண் ஆசையா அங்கிள்?" என்று கேட்டிருந்தார். வீண் ஆசை இல்லைம்மா. எந்த மாதத்தில் ஆசைப்படுகிறோம் என்பதுதான் விஷயம். அதை விளக்கத்தான் இந்த அத்தியாயம் முழுக்க.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் பகலில் கார் டிரான்ஸ்மிஷன் வேலை பார்க்கிறவன். சாயங்காலத்தில் மிச்சிகனில் ஒரு உயர்நிலைப் பள்ளி ரோபோ அணிக்கு வழிகாட்டி. நான் சொல்லும் போட்டி எஃப்.ஆர்.சி. டீன் கேமன் 1989ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு நடத்துவது. முதல் போட்டி 1992ல், நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு நடந்தது. இப்போது பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான அணிகள் வருகின்றன.

ஒவ்வொரு ஜனவரியிலும் புது ஆட்டம் அறிவிப்பார்கள். ஒரு வருஷம் பந்து எறியணும், இன்னொரு வருஷம் குழாய் மாட்டணும். களம் ஏறக்குறைய 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். தரையில் கம்பளம். ஒரு பக்கத்துக்கு மூன்று ரோபோ, ஆக மொத்தம் ஆறு. ஏறக்குறைய இரண்டரை நிமிஷ ஆட்டம். ரோபோ ஏறக்குறைய 55 கிலோ இருக்கலாம். பேட்டரியும் சுற்றிக் கட்டும் பம்பரும் அதுக்கு மேல். எல்லாம் சேர்ந்தால் 68 கிலோ வரும். மின்சாரம் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. கட்டி முடிக்க ஆறிலிருந்து எட்டு வாரம்.

இதில் டிரைவ்டிரெய்ன் ஏன் இவ்வளவு முக்கியம்? கை உடைந்த ரோபோ களத்தில் தடுப்பாட்டமாவது ஆடும். கால் உடைந்த ரோபோ வெறும் பெட்டி. இரண்டு மாசம் ராத்திரி பகலாக உழைத்த இருபத்தைந்து பிள்ளைகள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் சாதாரண வண்டி

வித்தியாசமானதைப் பேசுவதற்கு முன், சாதாரணம் எது என்று தெரிய வேண்டும். புல்டோசரைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஸ்டியரிங்கால் திரும்பும் சக்கரம் கிடையாது. இடது பக்கம் வேகமாகச் சுற்றினால் வலப்பக்கம் திரும்பும். இதைத்தான் டேங்க் டிரைவ் என்கிறோம்.

நாலு ரப்பர் சக்கரம் போட்டு டேங்க் டிரைவ் செய்தால் ஒரு தொந்தரவு வரும். திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும். வண்டி நீளமாக இருந்தால் தேய்மானம் ஜாஸ்தி. துள்ளித் துள்ளித் திரும்பும், சில சமயம் திரும்பவே திரும்பாது. இதற்கு அணிகள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஆறு சக்கரம் போடு, நடுச் சக்கரத்தை மட்டும் ஒரு மூன்று மில்லிமீட்டர் கீழே இறக்கு. ஒரு கால் குட்டையான நாற்காலி ஆடுமே, அந்த மாதிரி ரோபோ முன்னும் பின்னும் லேசாக ஆடும். எந்த நேரத்திலும் நாலு சக்கரம்தான் தரையைத் தொடும். வண்டியின் நீளம் பாதியாகக் குறைந்த மாதிரி. சுலபமாகத் திரும்பும்.

கலிஃபோர்னியா அணிகள் பிரபலப்படுத்திய இதன் ஒரு வடிவத்துக்கு வெஸ்ட் கோஸ்ட் டிரைவ் என்றே பெயர். போட்டிக்குப் பதிவு செய்யும் அணிகளுக்குக் கிடைக்கும் அடிப்படைச் சட்டகமும் இந்த ஆறு சக்கர வகைதான். ரெண்டு நாளில் பூட்டி ஓட்டிவிடலாம். எந்த விநோத யோசனை வந்தாலும் இந்த எளிய வண்டியோடுதான் ஒப்பிட வேண்டும்.

எல்லாம் பிடிமானக் கணக்குதான்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்.

ரோபோ இன்னொரு ரோபோவைத் தள்ளுகிறது. எவ்வளவு விசையோடு தள்ள முடியும்? மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு அளவுக்கு மேல் சக்கரம் வழுக்கிவிடும். அந்த அளவு என்பது ரோபோவின் எடையும் உராய்வு எண்ணும் பெருக்கி வருவது. உராய்வு எண் 1 என்று வைத்துக்கொண்டால், 68 கிலோ ரோபோ 68 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசையோடு தள்ளும். எல்லாச் சக்கரமும் இயங்கும் டேங்க் டிரைவ் இந்த விசையை முழுசாக, நூற்றுக்கு நூறு, முன்பக்கம் கொடுக்கும். ஆனால் பக்கவாட்டில் நகரச் சொன்னால் நகராது.

பக்கவாட்டில் நகர வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலான விநோத யோசனைகளுக்குத் தாய். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

முதலில் கிவி டிரைவ். வட்டத்தில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று ஓம்னி வீல். ஓம்னி வீல் என்றால், சக்கரத்தின் விளிம்பு முழுக்கக் குட்டி உருளைகள் இருக்கும். முன்னால் உருளும், பக்கவாட்டிலும் வழுக்கிப் போகும். மூன்று மோட்டார், மூன்று சக்கரம், எந்தத் திசையிலும் போகலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு சக்கரம் இருக்கும் திசையை நோக்கி வண்டியை ஓட்டினால், அந்தச் சக்கரம் சுற்றவே சுற்றாது. அதன் குட்டி உருளைகள் மட்டும் உருளும். மற்ற இரண்டு சக்கரமும் சாய்வாகத் தள்ளுவதால் ஒவ்வொன்றிலும் 0.87 பங்குதான் பயன்படும். இரண்டையும் கூட்டினால் 1.73. மூன்று சக்கரத்தின் மேல் எடை இருக்கிறது, 1.73 சக்கரத்தின் தள்ளுவிசைதான் கிடைக்கிறது. அதாவது நூற்றுக்கு 58. மற்ற திசைகளில் இதற்கும் கீழே.

அடுத்தது மெக்கானம். ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் இலோன் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இதிலும் விளிம்பில் உருளைகள்தான், ஆனால் 45 டிகிரி சாய்வாக. நாலு சக்கரத்தையும் வெவ்வேறு விதமாகச் சுற்றினால் முன்னால், பக்கத்தில், குறுக்கே, எப்படியும் போகும். விசை உருளையின் அச்சு வழியாகத்தான் போகும் என்பதால், முன்பக்கம் கிடைப்பது நூற்றுக்கு 71. அதுவும் காகிதத்தில். நிஜத்தில் உருளைகளுக்குள் இருக்கும் உராய்வும் கொஞ்சம் தின்னும். இன்னொரு சிக்கல், நாலு சக்கரத்திலும் சமமாக எடை விழ வேண்டும். ஆடுகிற நாற்காலி என்று சொன்னேனே, டேங்க் டிரைவுக்கு அது வரம், மெக்கானத்துக்கு அது சாபம். ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் வண்டி கோணல்மாணலாகப் போகும்.

மூன்றாவது எச் டிரைவ். நாலு மூலையிலும் ஓம்னி வீல், நடுவில் குறுக்காக ஐந்தாவது சக்கரம். அந்த ஐந்தாவது சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை விழுகிறதோ அவ்வளவுதான் பக்கவாட்டு விசை. எடையை அங்கே கொண்டுவந்தால் மற்ற நாலும் தூக்கிக்கொள்ளும். அதுபோக எதிரி ரோபோ பக்கத்திலிருந்து இடித்தால், ஓம்னி வீல் தடுக்காது. ஐஸ் கட்டி மாதிரி வழுக்கிப் போக வேண்டியதுதான்.

இதையெல்லாம் பார்த்த சில அணிகள், "வீட்டுக்குள்ள சாக்ஸ், வெளியே போனா ஷூ" என்று யோசித்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சக்கரம், ஒன்று மெக்கானம் அல்லது ஓம்னி, இன்னொன்று ரப்பர். காற்றழுத்த சிலிண்டர் ஒன்றைத் தட்டினால் ஒன்று மேலே போகும், மற்றது கீழே வரும். மெக்கானம் போட்டதற்கு ஆக்டோகானம் என்று பெயர், ஓம்னி போட்டதற்குப் பட்டர்ஃபிளை. 2010ல் டெக்சஸின் 148ஆம் எண் அணி இதற்கும் ஒரு படி மேலே போனது. நாலு ஓம்னி, நாலு ரப்பர், குறுக்கே போக நடுவில் ஒன்று, ஆக ஒன்பது சக்கரம். அதற்கு நோனாடிரைவ் என்று பெயர் வைத்தார்கள். வேகமாக நழுவவும் செய்யும், வேண்டியபோது காலை ஊன்றித் தள்ளவும் செய்யும். விலை என்ன? எடை, சிலிண்டர்கள், அவற்றுக்குக் காற்று, உடைவதற்கு நிறைய இடங்கள்.

ஆட்டம் கேட்டதால் பிறந்த விநோதங்கள்

இதுவரை சொன்னதில் உராய்வு எண்ணை யாரும் தொடவில்லை. இருக்கிற பிடிமானத்தை எந்தத் திசைக்குப் பங்கு போடுவது என்பதுதான் பேச்சு. அந்த எண்ணையே தொட்ட ஒரு அணியின் கதையைச் சொல்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

2002ஆம் வருஷ ஆட்டத்தில் களத்தில் நகர்த்தக்கூடிய கோல்கள் மூன்று இருந்தன. அவற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் பகுதியில் வைத்தால் புள்ளி. எல்லாரும் நல்ல ரப்பர், நல்ல கியர் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியானா மாநிலம் ஹேமண்ட் நகரின் 71ஆம் எண் அணி என்ன செய்தது தெரியுமா? சக்கரத்தில் போய்க் கோல்களைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு கால்களை இறக்கி நடக்க ஆரம்பிக்கும். அந்தக் கால்களின் அடியில், அரத்தின் பல்லில் சிக்கும் இரும்புத்தூளைத் துடைக்கிற கம்பித் தூரிகை! பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், குட்டிக் குட்டிக் கம்பி முள். அது கம்பளத்தைக் கவ்விக்கொண்டது. எந்த ரப்பரும் தர முடியாத பிடிமானம். நத்தை வேகம்தான், ஆனால் யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்த வருஷம் உலக சாம்பியன் கூட்டணியில் அந்த அணி இருந்தது.

பிறகு விதி மாறியது. கம்பளத்தைக் கெடுக்கக்கூடிய உலோகம், உப்புத்தாள், முள் மாதிரியானவற்றைச் சக்கரத்திலோ காலிலோ போடக்கூடாது என்று இன்றைய விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே அதே தந்திரத்தை நீங்கள் செய்ய முடியாது. ஆனால் அவர்கள் யோசித்த வரிசையைக் கவனியுங்கள். "நடக்கிற ரோபோ செய்தால் எப்படி இருக்கும்" என்று அந்த யோசனை தொடங்கியிருக்க முடியாது. "கோல்களைப் பிடித்துவிட்டால் யாரும் நம்மை அசைக்கக்கூடாது, அதுக்கு எவ்வளவு பிடிமானம் வேணும்?" என்று கேட்டால்தான் தூரிகையும் நடையும் வரும். வேகம் தேவையில்லை என்று அந்த ஆட்டம் சொன்னதால்தான் அவர்களால் வேகத்தை விலையாகக் கொடுக்க முடிந்தது.

இதற்கு நேர் எதிர் 2009. அந்த வருஷ ஆட்டத்தின் பெயர் லூனசி. நிலவில் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தரையில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு போட்டுவிட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம்தான் போடணும், அதைச் சுரண்டக்கூடாது, ரப்பர் ஒட்டக்கூடாது. போதாததற்கு ஒவ்வொரு ரோபோவும் பின்னால் ஒரு டிரெய்லரை இழுக்க வேண்டும். அந்த மாதிரித் தரையில் சக்கரத்தின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிடி கூடும் என்று தோன்றும். கூடாது. உராய்வுக்கு எடைதான் கணக்கு. எட்டுச் சக்கரம் போட்டாலும் அதே எடை எட்டாகப் பிரியும், அவ்வளவே. அங்கே கைகொடுத்தது மென்பொருள்தான். சக்கரம் வழுக்க ஆரம்பிக்கும் விளிம்பிலேயே மோட்டாரைக் கட்டுப்படுத்துவது. மழையில் பிரேக் அடிக்கும்போது காரில் ஏ.பி.எஸ். செய்கிற வேலைக்கு அண்ணன் தம்பி.

2016ல் களத்தின் நடுவே பாறைச்சுவர், அகழி, கரடுமுரடான தரை என்று தடைகளை வைத்தார்கள். அந்த வருஷம் காற்றடைத்த டயர்களும் டாங்கி மாதிரிப் பட்டைகளும் எங்கு பார்த்தாலும் தெரிந்தன. ஓம்னியும் மெக்கானமும் தடைகளின் மேல் தடுமாறும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நம்ம ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கு ஏ.பி.யு. ரோபோகான் தெரிந்திருக்கும். இந்தியாவில் அதற்கான தேசியச் சுற்று டி.டி. ரோபோகான். 2019ல் மங்கோலியாவின் உலான்பாட்டரில் போட்டி நடந்தபோது, அந்த நாட்டின் பழைய குதிரை அஞ்சல் முறையைக் கருவாக எடுத்தார்கள். இரண்டு ரோபோவில் ஒன்று நாலு காலால் நடந்தே ஆக வேண்டும் என்று விதி. அங்கே கால் என்பது யாருடைய விநோத ஆசையும் இல்லை, நுழைவுச் சீட்டு. இந்தியக் கல்லூரி மாணவர்களும் அந்த வருஷம் மூட்டு, நடை, சமநிலை எல்லாம் படித்தார்கள்.

நேற்றைய விநோதம், இன்றைய வாடிக்கை

இப்போது ஸ்வர்வ். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் தானாகத் திரும்புமே, அதைக் கற்பனை செய்யுங்கள். ஆனால் தானாகத் திரும்பாமல், ஒவ்வொன்றையும் திருப்ப ஒரு மோட்டார், உருட்ட ஒரு மோட்டார். நாலு சக்கரம், எட்டு மோட்டார். எல்லாச் சக்கரத்தையும் ஒரே பக்கம் திருப்பினால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். சக்கரங்களை வட்டத்தின் மேல் நிற்கிற மாதிரி வைத்தால் நின்ற இடத்தில் சுழலும். ரெண்டையும் சேர்த்தும் செய்யும். ரப்பர் சக்கரம் என்பதால் எந்தத் திசையிலும் அந்த நூற்றுக்கு நூறு பிடிமானம். மேலே போட்ட கணக்கில் கிவிக்கு 58, மெக்கானத்துக்கு 71 என்று பார்த்தோம் இல்லையா, ஸ்வர்வ் ஏன் ஜெயித்தது என்று இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அது ஜெயிக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. மிச்சிகனின் போன்டியாக் நகரத்து 47ஆம் எண் அணி 1998லேயே ஸ்வர்வ் கட்டியது. 2003ல் சாம்பியன் கூட்டணியில் இருந்த இல்லினாயின் 111ஆம் எண் அணியும் இப்படிச் சக்கரத்தைத் திருப்பி ஓடும் ரோபோவோடுதான் வந்தது. அப்போதெல்லாம் நல்ல லேத்தும் மில்லிங் மெஷினும், அதைத் தெரிந்த பொறியாளர்களும் இருந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும். மற்றவர்களுக்கு எடையும் ஜாஸ்தி, உடைவதும் ஜாஸ்தி. "ஸ்வர்வ் கட்டினால் வேறெதுக்கும் நேரம் இருக்காது" என்பது அந்தக் காலப் பழமொழி மாதிரி.

மாற்றம் மெல்ல வந்தது. 2019லிருந்து பிரஷ்லெஸ் மோட்டார்களைப் போட்டியில் அனுமதித்தார்கள். சின்ன மோட்டார், பெரிய சக்தி, உள்ளேயே சென்சார். தயார் நிலை மாட்யூல்களைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். மென்பொருளும் எல்லாருக்கும் பொதுவில் கிடைத்தது. இன்றைக்குப் போட்டிக்குப் போனால் திரும்பின பக்கமெல்லாம் ஸ்வர்வ்தான். அன்றைய விநோதம் இன்றைக்குச் சீருடை.

இதில் நல்லது ஒன்று, கவலைப்பட வேண்டியது ஒன்று. மில்லிங் மெஷின் இல்லாத சின்ன அணியும் இப்போது நண்டு நடை நடக்க முடிகிறது, அது நல்லது. கவலை என்னவென்றால், மாட்யூலும் எட்டு மோட்டாரும் கன்ட்ரோலர்களும் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர். அதைவிட, பெட்டியைப் பிரித்துப் பூட்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஒரு வருஷம் ஓடிவிடும். ஓடும்வரை எல்லாம் சரி. நின்றால்?

எந்த மாதத்தில் ஆசைப்படுவது?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு நியாயம், மே முதல் டிசம்பர் வரை இன்னொரு நியாயம்.

ஜனவரியில் யாராவது வித்தியாசமான டிரைவ்டிரெய்ன் யோசனையோடு வந்தால், எங்கள் அணியில் மூன்று கேள்வி கேட்போம். பதிலைப் பலகையில் எழுத வேண்டும்.

ஒன்று, இந்த வருஷ ஆட்டத்தில் எந்த இடத்தில் சாதாரண வண்டி தோற்கும்? ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 71ஆம் அணியால் சொல்லியிருக்க முடியும்: "கோல்களைப் பிடித்த பிறகு ரப்பர் சக்கரம் வழுக்கும்." அந்த மாதிரி வாக்கியம் வரவில்லை என்றால் அந்த யோசனை இந்த வருஷத்துக்கு இல்லை.

இரண்டு, விலையை எதிலிருந்து எடுக்கிறோம்? எடை, பணம், மின்சாரம். மின்சாரத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒரே பேட்டரி, 120 ஆம்பியர் பிரதான பிரேக்கர். எட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் முட்டித் தள்ளினால் வோல்ட்டேஜ் சரியும். ஏறக்குறைய ஆறரை வோல்ட்டுக்கு வந்துவிட்டால் கட்டுப்பாட்டுக் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். காலுக்குக் கொடுத்தது கைக்குக் கிடைக்காது.

மூன்று, ஓட்டுகிற பிள்ளைக்குப் பயிற்சி செய்ய எத்தனை மணி நேரம் மிஞ்சும்? என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கேள்வி. நாற்பது மணி நேரம் ஓட்டிப் பழகிய ஆறு சக்கர வண்டி, முந்தின நாள் ராத்திரி கட்டி முடித்த ஒன்பது சக்கர அதிசயத்தைச் சுற்றி வந்துவிடும். களத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மூன்றுக்கும் பதில் இருந்தால் தைரியமாகச் செய்யுங்கள். இல்லையென்றால் அந்த யோசனையைக் குப்பையில் போடாதீர்கள். நோட்டில் எழுதி வையுங்கள். மே மாதம் வரும்.

மே மாதத்தில் தோற்பதற்கு எதுவும் இல்லை. அப்போது விநோதம்தான் நல்ல வாத்தியார். எங்கள் அணியில் ஒரு கோடையில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர், ஒரு ப்ளைவுட் பலகையில் பழைய மோட்டார் மூன்றும் ஓம்னி வீல் மூன்றும் வைத்துக் கிவி டிரைவ் செய்தார். எந்தப் போட்டிக்கும் போகாத வண்டி. ஆனால் மென்பொருளை எங்கிருந்தும் எடுக்காமல், காகிதத்தில் அம்புக்குறி போட்டு, சைன், கொசைன் எழுதி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு சுற்றணும் என்று தானே கண்டுபிடித்தார். ஒரு சக்கரத்தின் திசைக்குறி மாறிப்போனால் வண்டி நேரே போகாமல் வளைந்து வளைந்து போகும் என்பதைக் கண்ணால் பார்த்தார்.

அடுத்த மார்ச்சில் ஒரு போட்டி. எங்கள் ஸ்வர்வ் ரோபோ நல்ல மோதலில் ஒரு மாட்யூலை இழந்தது. அவசர அவசரமாக மாற்றுப் போட்டார்கள். கீழே வைத்து ஓட்டினால் நொண்டுகிறது, ஒரு பக்கமாக இழுக்கிறது. மோட்டாரா, வயரா, கியரா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் கூப்பிட்டாகிவிட்டது. அந்தப் பொண்ணு, "தூக்கிக் கட்டை மேல வைங்க" என்றார். நாலு சக்கரத்தையும் கையால் நேராகத் திருப்பி வைத்துவிட்டு லேப்டாப்பில் எண்களைப் பார்த்தார். மூன்று சக்கரம் நேர் என்றது. புதிதாகப் போட்டது தான் 90 டிகிரி திரும்பியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. புது மாட்யூலின் என்கோடருக்கு எது நேர் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஒரு எண்ணை மாற்றினார். ரோபோ களத்துக்குப் போனது.

ஆறு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஆறு நிமிஷம் வாங்கிய பெட்டிக்குள் வரவில்லை. ப்ளைவுட் பலகையில் கோடை முழுக்க உட்கார்ந்ததால் வந்தது.

பந்து மேல் உருளும் ரோபோ

டெக்சஸ் மாணவிக்கு என் பதில் இதுதான். மே மாதம் செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள். ஆனால் தொடங்கும் முன் ஒரு விஷயம். பந்து டிரைவில் பிடிமானம் இரண்டு இடத்தில் வேண்டும். உருளை பந்தைச் சுற்ற வேண்டும், பந்து தரையைத் தள்ள வேண்டும். எது முதலில் வழுக்குகிறதோ அதுதான் உங்கள் எல்லை. இன்னொன்று, பழைய கம்ப்யூட்டர் மௌஸ் ஞாபகம் இருக்கா என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள். அடியில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி, உள்ளே உருளையில் ஒட்டியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்ட வேண்டும். கம்பளத்தில் ஓடும் பந்தும் தூசியை, நூலை எல்லாம் உள்ளே கூட்டிக்கொண்டு போகும். அதை எப்படித் துடைப்பது என்பதை முதல் நாளே யோசித்து வையுங்கள்.

செலவைக் குறைக்க முதலில் ஒரே ஒரு பந்து, ஒரு பலகை, இரண்டு உருளை. மேலே செங்கல் வைத்து எடையைக் கூட்டிக் கூட்டிப் பாருங்கள். ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி, வழுக்குவதற்கு முன் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அதைப் பலகையின் மொத்த எடையால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். கிவியின் 58ஐத் தாண்டுகிறதா, மெக்கானத்தின் 71 பக்கம் வருகிறதா? அந்த எண்ணோடு ஜனவரியில் மூத்த மாணவர்கள் முன்னால் போய் நில்லுங்கள். ஆசையோடு போனால் சிரிப்பார்கள், அளந்த எண்ணோடு போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

செய்து பார்த்தவர்கள் உங்கள் எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த அத்தியாயத்தில் பேட்டரியைப் பற்றிப் பேசலாம். ஒரே பேட்டரி காலை ஆட்டத்தில் சிங்கமாகவும் மதிய ஆட்டத்தில் பூனையாகவும் ஏன் இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது.